அரைப் பேர்: ஹட்டன் மலையில நாலு நாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். வெளியூர்ல இருந்து சென்ட்ரலுக்கு ரயில்ல வந்திருக்கீங்களா? அப்போ எங்க ஏரியாவை நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. எல்லாரும் பையெல்லாம் இறக்கி வச்சுட்டு, ஷூ மாட்டிட்டு, கதவுகிட்ட வந்து நிப்பீங்க. வண்டி அப்படியே நின்னுடும். கால் மணி நேரம், அரை மணி நேரம். "என்னப்பா இது, எந்த ஊரு?"ன்னு ஒருத்தர் கேப்பாரு. "பேசின் பிரிட்ஜ்பா, இப்போதைக்கு எடுக்க மாட்டான்"னு இன்னொருத்தர் சொல்வாரு. அந்த பேசின் பிரிட்ஜ்தான் நம்ம ஊரு. (சிரிப்பு)

இன்னைக்குப் பேசப் போறது ஒரு பயணம் பத்தி. 2024 மார்ச்ல நாலு நாள் லீவ் போட்டுட்டு இலங்கையில ஹட்டன் பக்கம் போயிட்டு வந்தேன். வீடியோ எடுக்கப் போகல, ட்ரெக்கிங்கும் போகல. எங்க ஆயா பொறந்த எடத்தைப் பாக்கப் போனேன்.

எங்க ஆயா, அம்மாவோட அம்மா, ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க. 1973ல எங்க தாத்தா, ஆயா, அஞ்சு வயசு எங்க அம்மா, மூணு பேரும் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்குனாங்க. மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் இருந்துட்டு, சொந்தக்காரர் ஒருத்தர் வியாசர்பாடியில இருக்காருன்னு மெட்ராஸ் வந்துட்டாங்க. தாத்தாவுக்கு சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்ல மூட்டை தூக்குற வேலை. அப்படித்தான் நாங்க பேசின் பிரிட்ஜ்காரங்க ஆனோம்.

தெருவுல ஆயாவுக்குப் பேரு "சிலோன் ஆயா". கோபமா கூப்பிடுறவங்களுக்கு "சிலோன்காரி". கவர்மெண்ட் பேப்பர்ல "தாயகம் திரும்பியோர்". இந்த வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. ஹட்டன்ல பொறந்து, ஹட்டன்லயே வளந்து, முப்பது வயசுல முதல் தடவையா இந்தியாவைப் பாக்குற ஒரு பொம்பளை, இங்க "திரும்பி" வந்தாங்களாம். எப்போ போனாங்க, திரும்பி வர்றதுக்கு?

சென்னையில நிறைய எடத்துல ரெப்கோ பேங்க் போர்டு பாத்திருப்பீங்க. நகைக் கடன், வீட்டுக் கடன்னு போட்டிருக்கும். அந்த ரெப்கோவுல இருக்குற "ரெப்" என்னன்னு தெரியுமா? ரிப்பேட்ரியேட்ஸ். தாயகம் திரும்பியோர்தான். பர்மாவுல இருந்தும் சிலோன்ல இருந்தும் வந்தவங்களுக்காக 1969ல ஆரம்பிச்ச பேங்க் அது. பீச் ஸ்டேஷன் எதுத்தாப்புல இருக்குற பர்மா பஜார், நாம சாயங்காலம் சாப்பிடுற அத்தோ, எல்லாமே அந்தக் காலத்துல கப்பல்ல வந்த கதைங்கதான். வடசென்னையில கொஞ்சம் சுரண்டிப் பாத்தா எங்கயோ ஒரு துறைமுகம் தெரியும்.

இதுல என் பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்லணும். ஆயா என்னை "அம்மாயின்னு கூப்புடு ராசா"ன்னு நிறைய தடவை கேட்டிருக்காங்க. நான் கூப்பிட்டதே இல்ல. எங்க தெருவுல எல்லாப் பசங்களும் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவாங்க. நான் மட்டும் அம்மாயின்னு சொன்னா கலாய்ப்பாங்க. ஆயா 2019ல இறந்துட்டாங்க. கடைசி வரைக்கும் எனக்கு ஆயாதான்.

யாரு வச்ச பேரு?

இந்தப் பயணத்துக்கு ஒரு விதத்துல காரணம் என் ஆபீஸ்தான். எங்க ப்ராஜெக்ட்ல மொராக்கோக்காரர் ஒருத்தர் இருந்தாரு. ஒரு நாள் கால்ல, மீட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சும்மா பேசிட்டு இருக்கும்போது, "நீங்க அரபு ஆளுங்க இல்லையா, ரம்ஜானுக்கு லீவா?"ன்னு கேட்டுட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "ரம்ஜான் உண்டு. ஆனா நான் அரபு இல்ல, அமாசிக்"னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் தேடிப் படிச்சேன்.

வட ஆப்பிரிக்காவுல அரபு மொழி வர்றதுக்கு முன்னாடியே இருந்த மக்கள் அவங்க. மொராக்கோ, அல்ஜீரியா, லிபியான்னு பல நாட்டுல பரவி இருக்காங்க. உலகம் அவங்களைக் கூப்பிடுற பேரு "பெர்பர்". கிரேக்கரும் ரோமரும் "நமக்குப் புரியாத பாஷை பேசுறவன்"னு மத்தவங்களைச் சொன்ன வார்த்தையில இருந்து வந்த பேருன்னு சொல்றாங்க. அவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட பேரு அமாசிக். "சுதந்திர மனிதர்"னு பொதுவா அர்த்தம் சொல்வாங்க. அவங்க மொழிக்கு மொராக்கோவுல 2011லதான் அரசியல் சட்டத்துல ஆட்சிமொழி அந்தஸ்து கெடச்சுது. அல்ஜீரியாவுல 2016ல.

அதைப் படிச்சுட்டு இருக்கும்போதுதான் எங்க ஆயா ஞாபகம் வந்துச்சு. அவங்களுக்கு எத்தனை பேரு இருந்துச்சு! அதுல ஒண்ணாவது அவங்க வச்சுக்கிட்டதா?

ஆயாவோட தங்கச்சி அங்கயே தங்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் சிலோன் பிரஜாவுரிமைக்கு மனு போட்டிருந்தாரு. எங்க தாத்தா இந்தியாவுக்கு மனு போட்டுட்டாரு. ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்துல இருந்த அக்கா தங்கச்சி, ஒரு பாரத்துல போட்ட கையெழுத்தால ரெண்டு நாடா பிரிஞ்சுட்டாங்க. கடுதாசி போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. 1983 கலவரத்துக்கு அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. ஃபேஸ்புக்ல ஒரு வருஷம் தேடி, தோட்டத்துப் பேரை வச்சு ஒரு வழியா கண்டுபிடிச்சேன்.

பீலித் தண்ணி

சென்னையில இருந்து கொழும்பு, ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. வீட்டுல இருந்து ஓஎம்ஆர் ஆபீஸ் போற நேரம்தான். கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல காலையில ரயில் ஏறினா, கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி மலை ஏற ஆரம்பிக்கும். கடல்மட்டத்துல இருந்து 1,200 மீட்டருக்கு மேல ஹட்டன். ஜன்னல்ல பாத்தா பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி தேயிலை. டூரிஸ்ட் எல்லாரும் கதவுல தொங்கிக்கிட்டு போட்டோ எடுக்குறாங்க. நானும் எடுத்தேன், பொய் சொல்லல.

ஸ்டேஷனுக்கு சித்தி, அதாவது ஆயா தங்கச்சியோட பொண்ணு, வந்திருந்தாங்க. "வாங்க மகன்"னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆட்டோவுல அரை மணி நேரம், அப்புறம் நடை. தோட்டத்துப் பேரை இங்க சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லலாம். போர்டுல ஒரு இங்கிலீஷ் பேரு இருந்துச்சு, தொரை வச்சது. வாயில வேற ஒரு தமிழ்ப் பேரு இருந்துச்சு, ஜனங்க வச்சது. மலையகத்துல நிறைய தோட்டத்துக்கு இப்படி ரெண்டு பேரு.

லயம்னா வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு. பழைய லயத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, 10க்கு 12 அடி, முன்னாடி ஒரு சின்னத் திண்ணை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அதுல இன்னைக்கும் மனுசங்க இருக்காங்க. சித்தி வீடு பின்னாடி கொஞ்சம் இழுத்துக் கட்டினதால ரெண்டரை ரூம்.

சின்ன அம்மாயி கட்டில்ல உக்காந்திருந்தாங்க. முகம் அப்படியே எங்க ஆயா. அழுவாங்கன்னு நெனச்சேன், அழல. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு முதல் கேள்வி கேட்டாங்க: "அக்கா தண்ணிக்கு என்னா செஞ்சுச்சு அங்க?"

எனக்குப் புரியல. சித்தி வெளியே கூட்டிட்டுப் போய்க் காமிச்சாங்க. லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மலையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணி ஒரு குழாய் வழியா ராத்திரி பகலா கொட்டிக்கிட்டே இருக்கு. அதுக்குப் பேரு பீலி. குளிக்கிறது, துவைக்கிறது, பேசுறது, சண்டை, எல்லாம் பீலிக்கரையிலதான். கையை வச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு.

அப்போதான் எனக்கு எங்க தெரு கண்ணு முன்னாடி வந்துச்சு. மெட்ரோ வாட்டர் லாரிக்கு அஞ்சு மணிக்கே கொடம் வரிசை. அடி பம்புல மஞ்சத் தண்ணி. கியூவுல யாராவது இடிச்சா ஆயாவுக்கு வர்ற கோபம். "கெழவிக்கு ஒரு கொடம் தண்ணிக்கு இவ்ளோ கோபமா"ன்னு நாங்க சிரிச்சிருக்கோம். இந்தத் தண்ணியை விட்டுட்டு அங்க வந்து நின்னவங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே.

"எந்த ஊருக்கு அண்ணா?"

ராத்திரி தேங்காய் ரொட்டி, கட்ட சம்பல். சாப்பிட்டுக்கிட்டே நான் ரொம்பப் பெருந்தன்மையா ஒரு டயலாக் விட்டேன். "நீங்களும் இந்தியத் தமிழர்தானே, நம்ம ஆளுங்கதானே, எப்போ வேணும்னாலும் ஊருக்கு வாங்க"ன்னு.

சித்தியோட பொண்ணு, எனக்குத் தங்கச்சி, அங்க ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. தட்டுல இருந்து தலை நிமிராமயே கேட்டா, "எந்த ஊருக்கு அண்ணா?"

அப்புறம் அவ பேசினதை என் வார்த்தையில சுருக்கிச் சொல்றேன். ஏன்னா நம்ம ஸ்கூல் புக்ல இதெல்லாம் எனக்குக் கெடைக்கல.

1820கள்ல காப்பித் தோட்டம் போட வெள்ளைக்காரன் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஜனங்களைக் கூட்டிட்டுப் போனான். பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிச்சு நிறைய பேர் போனாங்க. மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடை. வழியிலயே காலராவுலயும் காய்ச்சல்லயும் செத்தவங்க ஏராளம். 1869ல காப்பிச் செடிக்கு நோய் வந்துச்சு. காப்பி அழிஞ்சு தேயிலை வந்துச்சு. காட்டை வெட்டி, ரோடு போட்டு, நாம ஜன்னல்ல போட்டோ எடுக்குற அந்த ரயில் பாதை வரைக்கும் அவங்க உழைப்பு.

1947 தேர்தல்ல இலங்கை இந்திய காங்கிரஸ் சில சீட் ஜெயிச்சுது. அடுத்த வருஷமே, சுதந்திர இலங்கையோட 1948 குடியுரிமைச் சட்டம். அப்பா, தாத்தா இங்க பொறந்ததுக்கு ஆதாரம் காட்டுன்னு கேட்டா, லயத்துல யாருகிட்ட என்ன பேப்பர் இருக்கும்? ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவங்க ஆனாங்க. ஓட்டும் போச்சு. 1964 அக்டோபர்ல சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர்ல இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சாங்க. 1974ல அதையும் ஆளுக்குப் பாதி. சரக்கு பிரிக்கிற மாதிரி. 1984ல யுத்தத்தால கப்பல் நின்னுச்சு. மனு போட்டும் போக முடியாம நின்னவங்க நிறைய. கடைசியா 2003ல ஒரு சட்டம் வந்துதான் மிச்சம் இருந்தவங்களுக்கு இலங்கைக் குடியுரிமை முழுசா தீர்ந்துச்சு.

"இது எல்லாத்துக்கும் அவங்க சொன்ன ஒரே காரணம், நாங்க இந்தியர்"னு தங்கச்சி சொன்னா. "1911 சென்சஸ்ல இருந்து எங்களை இந்தியத் தமிழர்னு தனியா எழுதுறாங்க. என் பொறப்புச் சான்றிதழ்லயும் அதான். எங்க அம்மாயியோட அம்மாயி பொறந்ததும் இந்த மலையிலதான். நீங்க அன்பாத்தான் சொல்றீங்க அண்ணா. ஆனா அதே வார்த்தையைச் சொல்லித்தான் எங்க ஓட்டைப் பிடுங்கினாங்க. நாங்க மலையகத் தமிழர்."

2023ல மலையகம் 200ன்னு, தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும், ஏறக்குறைய 250 கிலோமீட்டர், முன்னோர் நடந்த அதே வழியில மக்கள் நடந்தாங்க. தங்கச்சி அதுல கடைசி ரெண்டு நாள் நடந்திருக்கா. கால்ல கொப்புளம் வந்த போட்டோவைக் காமிச்சா. இந்தியர்னு அங்க ஒதுக்குனாங்க. மத்தத் தமிழர்லயே சில பேரு தோட்டக்காட்டான்னு கேவலமா சொன்னாங்க. இங்க வந்தவங்களை நாம சிலோன்காரங்கன்னு சொன்னோம். ஆளாளுக்கு ஒரு பேரு வச்சோம்.

ஆனா கதை இதோட முடியல. மூலையில உக்காந்து பீடி பிடிச்சுக்கிட்டு இருந்த சித்தப்பா வாயைத் தொறந்தாரு. "பேர மாத்துனா காணி வருமா? இருபத்தெட்டு வருசம் கவ்வாத்து வெட்டுனேன். இந்த லயம் கம்பெனிது. இந்த மண்ணு கம்பெனிது. பேங்க்ல லோன் கேட்டா உறுதி எங்கன்னு கேக்குறான். மொதல்ல உறுதி குடுங்க. என்னை என்னா பேருல வேணும்னாலும் கூப்புடுங்க."

உறுதின்னா அங்க பத்திரம். புது வீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு நெலம்னு முடிவாகி இருக்கு. இந்திய அரசு உதவியிலயும் வீடு கட்டுறாங்க. ஆனா இன்னும் லயத்துல இருக்குறவங்க நிறைய பேர்.

அப்பாவும் பொண்ணும் இதுக்கு முன்னாடி நூறு தடவை இந்தச் சண்டையைப் போட்டிருப்பாங்கன்னு தெரிஞ்சுது. தங்கச்சி சொன்னா, "பேரு இல்லாதவனுக்கு யாரு உறுதி எழுதுவா?" சித்தப்பா பதில் சொல்லாம பீடியை அணைச்சாரு. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்னு எனக்குத் தோணுச்சு.

பேர், அரைப் பேர்

மறுநாள் காலையில சித்தியோட மலைக்குப் போனேன். இடுப்புல படங்கு கட்டி, நெத்தியில கயிறு மாட்டி, முதுகுல கூடை. செடி மேல ஒரு மட்டக் கம்பை வச்சு, அதுக்கு மேல இருக்குற கொழுந்தை ரெண்டு கையாலயும் கிள்ளுறாங்க. நானும் முயற்சி பண்ணேன். ஒரு மணி நேரத்துல ஒரு கிலோ தேறல. அட்டை மட்டும் ரெண்டு கால்லயும் ஏறிடுச்சு.

அங்க ஒரு நாள் சம்பளத்துக்குப் பேரு என்ன தெரியுமா? "பேர்". செக்ரோல்ல உங்க பேரு விழுந்தா அந்த நாள் கூலி உண்டு. சொன்ன கிலோ எடுக்கலைன்னா "அரைப் பேர்", பாதிக் கூலி. சித்தி தோட்டத்துல கணக்கு 18 கிலோ. அப்போ ஒரு முழுப் பேருக்குச் சம்பளம் 1,000 ரூபாய், இலங்கைக் காசு. நம்ம காசுக்கு 300க்கும் கீழ. அந்த ஆயிரமும் பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 2021லதான் வந்துச்சு. "நேத்து மழை, அரைப் பேர்தான்"னு சித்தி சாதாரணமா சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தை இன்னும் காதுலயே இருக்கு.

திரும்பி வரும்போது ஒரு கட்டடத்துல சின்னப் புள்ளைங்க சத்தம். "இதான் புள்ளக்காம்பரா"ன்னாங்க சித்தி. அம்மாங்க கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைங்களை விட்டுட்டுப் போற எடம். வாசல்ல ஒரு அம்மா ஒரு குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தாங்க. சித்தி அவங்களைக் கூப்பிட்டாங்க: "ஆயா, மகன் இந்தியாவுல இருந்து வந்திருக்கு."

நான் அங்கயே நின்னுட்டேன். "சித்தி, ஆயான்னா யாரு?"ன்னு கேட்டேன்.

"புள்ள பாக்குறவங்க. தோட்டத்துல அது ஒரு வேலை, மகன். பாட்டியை நாங்க அம்மாயின்னுதான் சொல்லுவோம்."

அவ்ளோதான். இருபது வருஷமா எங்க அம்மாயி கேட்டது இதைத்தான். நான் தெருப் பசங்களுக்குப் பயந்து அவங்களை ஒரு வேலைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கேன். வடசென்னையில ஆயாங்கிறது பாசமான வார்த்தை, எனக்குத் தெரியும். அவங்க காதுல அது என்னவா விழுந்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல.

அன்னைக்கு ராத்திரி காமன் கூத்து. மாசி அமாவாசைக்கு அப்புறம் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கதையை ராத்திரி ராத்திரியா ஆடுறாங்க. தப்பு அடிக்கிற சத்தம் மலை முழுக்க எதிரொலிக்குது. ரதி வேஷம் போட்டிருந்தவர் பகல்ல ஃபேக்டரியில வேலை பாக்குறவராம். திருச்சிப் பக்கத்துல இருந்து 200 வருஷத்துக்கு முன்னாடி எடுத்துட்டுப் போன கூத்து, சென்னையில வளந்த நான் முதல் தடவையா அங்கதான் பாத்தேன்.

மொராக்கோ நண்பர்கிட்ட திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னேன். அவரு கேட்டுட்டு, "ஆனா நாங்க வேற மாதிரி. நாங்க முதல்ல இருந்தே அங்க இருக்கோம்"னாரு. உண்மைதான். அமாசிக் மக்கள், உங்களுக்கு முன்னாடியே நாங்க இங்க இருக்கோம்னு சொல்றாங்க. மலையக மக்கள் அப்படிச் சொல்லல. இந்த மலையை இந்த மலையாக்கினது நாங்க, செத்தவங்களை இங்கதான் பொதைச்சிருக்கோம், அதனால இது எங்க ஊருன்னு சொல்றாங்க. ஒரு ஊரு நம்ம ஊரு ஆகுறதுக்கு இப்படியும் ஒரு வழி இருக்குன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது. எங்க தாத்தா மூட்டை தூக்கின ஊரும் அந்தக் கணக்குலதான் எங்க ஊரு ஆச்சு.

இதுல இன்னொரு அசிங்கமும் என்கிட்ட இருக்கு. காலேஜ்ல, ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவுல, எங்கப்பா வீடுன்னு கேட்டா நான் பேசின் பிரிட்ஜ்னு சொல்ல மாட்டேன். "சென்ட்ரல் பக்கம்"னு சொல்வேன். வடசென்னைன்னா கேக்குறவங்க முகம் எப்படி மாறும்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். அம்மாயி மட்டும் ஹட்டனைக் கடைசி வரைக்கும் "நம்மூரு"ன்னுதான் சொன்னாங்க. யார் எப்படிக் கூப்பிட்டாலும் அதை மறைக்கல.

கெளம்புற அன்னைக்குப் பீலிக்கரையில இருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா அந்த ஊரை விட்டு 51 வருஷம் ஆச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கேமராவைத் தண்ணிகிட்ட கொண்டு போடா, சத்தம் கேக்கட்டும்"னாங்க. கொண்டு போனேன். சின்ன அம்மாயி மெதுவா நடந்து வந்து பக்கத்துல நின்னாங்க. போனைப் பாத்து, "அக்கா மவளா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல அவங்க பேசினதை நான் ரெக்கார்ட் பண்ணல. பண்ணியிருந்தாலும் இங்க போட மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்லயும் பர்மாவுல இருந்தோ சிலோன்ல இருந்தோ வந்தவங்க இருக்கலாம். பீரோவுல ஒரு பழைய ஃபேமிலி கார்டு, ஒரு பழைய பாஸ்போர்ட் இருக்கலாம். அவங்க இருக்கும்போதே உக்காந்து கேளுங்க. எந்த ஊரு, எந்தக் கப்பல், அங்க யாரு யாரு இருந்தாங்கன்னு கேளுங்க. முக்கியமா, உங்களை எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்னு கேளுங்க. நான் கேக்கல.

உங்க கதைகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேக்கலாம். இப்போ ஒரு வண்டி வெளியே ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்குது, உங்களுக்கும் கேட்டிருக்கும். உள்ள இருக்குறவங்க "எந்த ஊரு இது"ன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க.

பேசின் பிரிட்ஜ்ல இருந்து பேசுனேன்.